குள்ளக் கோள் என்று எழுதியவள் நீ

இந்த ஞாயிறு காலை சைனிக்புரி வகுப்பறையில் இரும்பு அலமாரியைத் திறந்ததும் பழைய சார்ட் ஒன்று காலில் விழுந்தது. ரப்பர் பேண்டு உருகித் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் பசையும் பூஞ்சையும் கலந்த வாசனை. நடுவில் சூரியன், சுற்றிலும் எட்டுக் கோள்கள், ஓரத்தில் ப்ளூட்டோ. அதன் கீழே என் கையெழுத்தில் ‘சிறுகோள்’. அதை அடித்து ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் உன் கையெழுத்தில், என்னுடையதைவிட இரண்டு மடங்கு பெரிதாக, ‘குள்ளக் கோள்’.

நீ இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் திட்டு வாங்கப் போகிறவள் போல நிமிர்ந்து நின்றேன்.

சனத்நகர் தொழிற்சாலையில் நான் வரைபடப் பிரிவு, நீ தரப் பரிசோதனை. நான் கோடு போட்டுக் கொடுத்ததை யாரோ இரும்பில் கடைந்து அனுப்புவார்கள். நீ கேஜ் வைத்து அளவு பார்த்து ஏற்பாய், அல்லது ஈவிரக்கமில்லாமல் தள்ளுவாய். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். உன் குடும்பமோ வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்டது. உன் தமிழில் கால்வாசி உருது: ‘ஏன்’ என்பதற்குக் ‘கைக்கு’, ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’. உன் உயரம் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு.

கம்பெனி பஸ்ஸில் நாம் எப்போதும் ஒரே சீட். உன் கால் தரையில் படாது. நான் என் பையை மெல்ல உன் காலடிக்குத் தள்ளுவேன், நீ அதன்மேல் பாதத்தை வைத்துக்கொள்வாய். பதினெட்டு வருஷம் இப்படி நடந்தது, அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் ஊரில் இருட்டிய பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள். நான் ‘குள்ளம்’ என்ற சொல்லை அப்படித்தான் வைத்திருந்தேன். உன் எதிரில் ஒரு சுவரைக்கூடக் குட்டைச் சுவர் என்று சொன்னதில்லை. அதற்குப் பெயர் நாகரிகம் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

பிறகு ப்ளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அதை வைத்தே ஒரு சார்ட் செய்யலாம் என்று சொன்னவள் நீ. படமும் எழுத்தும் என் பொறுப்பு. நான் கொண்டுவந்து விரித்ததும், வந்த சரக்கைப் பார்ப்பது போலக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாய்.

“இது என்னடி, சிறுகோள்?”

“இடம் பத்தல” என்றேன்.

“இடம் ஒரு முழத்துக்குக் கெடக்கு. சிறுகோள்னா செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல கூட்டமாச் சுத்துற கல்லுங்க. முக்காவாசி உருளக்கெழங்கு மாதிரி இருக்கும். நல்லா உருண்டையா இருக்குற ப்ளூட்டோவ கைக்கு அங்க தள்ற?”

“பேப்பர்ல குள்ளக் கோள்னு போட்டிருக்கான். கேக்க நல்லால்ல.”

“யாருக்கு?”

நான் ஸ்கெட்ச் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன். நீ என் முகத்தையே பார்த்தாய்.

“இத்தன வருஷமா என் முன்னாடி அந்தச் சொல்ல முழுங்கிட்டா இருந்தே? தெருவுல போறவன் சொன்னா அவன் வாய் நாறுதுன்னு விட்டுருவேன். நீ சொல்லாம இருந்தா, வாயால சொல்ல முடியாத என்னமோ என்கிட்ட இருக்குன்னு நீ நெனக்கிறதாத்தானே அர்த்தம்?”

மறுநாள் நீ டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் தனியாக உட்கார்ந்தாய். அதற்கடுத்த நாளும் அப்படியே. இரண்டு வாரம் என் பை என் மடியிலேயே இருந்தது. ஒரு நல்ல சிநேகிதத்தை நாகரிகத்தால் கெடுத்துக்கொண்டேன் என்று பயந்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கென்று சொல்ல வேண்டும். அதற்கும் அந்தச் சொல் வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை.

மூன்றாவது ஞாயிறு நீயாகவே வந்தாய். சார்ட்டை மாட்டி, அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டு, எழுதி, பிள்ளைகள் பக்கம் திரும்பினாய்.

“மூணே கேள்வி. சூரியன நேராச் சுத்துதா? தன் கனத்துலயே இழுபட்டு உருண்டையாச்சா? தன் பாதையில தான் மட்டும் பெரிய ஆளா இருக்குற மாதிரி மத்தத ஒதுக்கிடுச்சா? மூணுக்கும் ஆமான்னா கோள். ப்ளூட்டோ முத ரெண்டுல பாஸ். மூணாவதுல இல்ல. அது பாதையில இன்னும் எத்தனையோ பேர் சுத்துறாங்க. அதனால அது குள்ளக் கோள்.”

முன்வரிசையில் இருந்த பையன் ஒருவன், “ஆன்ட்டி, மீரு கூடா குள்ளமா?” என்று பாதித் தெலுங்கில் கேட்டான். நீங்களும் குள்ளமா என்கிறான். நான் சிமெண்ட் தரையைப் பார்த்தேன்.

“ஹவ், நானும்தான்” என்றாய் நீ. “ஆனா அந்த மூணு கேள்வில எதுனாச்சும் எவ்ளோ உசரம், எவ்ளோ அகலம்னு கேட்டுச்சா?”

“லேது, இல்ல” என்றது வகுப்பு.

“குள்ளம்னு பேர் வெச்சாங்களே தவிர அளவு ஒண்ணும் குறிக்கல. என் செக்ஷன்ல இப்படி ஒரு பேப்பர் வந்தா திருப்பி அனுப்பிடுவேன்.” பிறகு செவ்வாய்க்கு அப்பால் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினாய். “இது சீரீஸ். கண்டுபிடிச்சப்போ கோள்னாங்க. அப்புறம் கூட்டத்துல ஒண்ணுன்னு சிறுகோள் ஆக்குனாங்க. ப்ளூட்டோவ எறக்குன அன்னிக்கே இத குள்ளக் கோளா ஏத்துனாங்க. அங்க அது எறக்கம், இங்க இது ஏத்தம். பேரு ஒண்ணேதான்.”

மறுநாள் பஸ்ஸில் நம் பழைய சீட்டில் இருந்தாய். நான் தயங்கி நின்றேன்.

“கைக்கு நிக்கிற? உக்காரு. பையக் குடுடி, கால் எட்டல.”

“குள்ளச்சி” என்றேன். நீ சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பல வருஷம் கழித்து நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். உன் அண்ணன் ‘சின்னக் கட்டி’ என்றார், அண்ணி ‘லேசான கோளாறு’ என்றார். அவர்கள் டீ குடிக்கப் போனதும் நீ என்னைப் பார்த்தாய். ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தாய் என்று எனக்குத் தெரியும். அது பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

“புத்துநோய்” என்றேன்.

“ஹவ்” என்றாய். கொஞ்சம் அழுதாய். நானும் அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பேரு தெரிஞ்சுடுச்சு. இனி டாக்டர்கிட்ட சரியான கேள்வியாக் கேக்கலாம்” என்றாய். கேட்டாய். வைத்தியம் உனக்கு இரண்டு வருஷம் வாங்கிக் கொடுத்தது. அவற்றில் பெரும்பாலான ஞாயிறுகளில் தலையில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தாய்.

போன மாதம் காது டாக்டரிடம் போயிருந்தேன். ‘அம்மாவுக்குக் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்’ என்று மகன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். நல்ல பிள்ளை, என்னைப் போலவே நாகரிகம் பார்க்கிறவன். இன்று சார்ட்டை மாட்டியதும் நான் வகுப்பிடம், “எனக்குக் காது செவிடு. உதட்டுக்குள்ள பேசுனா விளங்காது” என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெலுங்கில் முணுமுணுப்பதைத் தவிர வேறெதுவும் பேசாத ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றாள்.

“டீச்சர், குள்ளக் கோள் எத்தன இருக்கு?” சத்தமாக, தமிழில்.

“அஞ்சு பட்டியல்ல இருக்கு. இன்னும் நிறைய இருக்கலாம். மொத்தம் எத்தனைன்னு எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.”

“அப்ப நான் ஒண்ணு கண்டுபிடிக்கலாமா?”

“கண்டுபிடி. ஆனா கத்திச் சொல்லணும். நான் செவிடு.”

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். சொல்லும்போது தொண்டையில் எதுவும் சிக்கவில்லையடி.