நேராக மாட்டிய ஒரே படம்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். கூப்பனுக்கு அளந்து தரும் மண்ணெண்ணெய் என்பதால் திரியை உள்ளே இழுத்து வைத்திருக்கிறேன். எழுத்து கோணினால் விளக்கைத் திட்டுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் கூடம் முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. உங்கள் படத்தைச் சாய்த்து மாட்டியிருக்கிறார்கள்.

அந்தப் படத்தை நீங்கள் மாட்டிய நாள் நினைவிருக்கிறதா? கப்பல் ஏறுவதற்கு முன் லீவில் வந்தபோது, சேலத்து ஸ்டூடியோவில் பட்டாள உடுப்போடு எடுத்த போட்டோவைப் பிரேம் போட்டுக் கையோடு கொண்டுவந்தீர்கள். சுத்தியலைக் கையில் எடுத்ததுமே அத்தை குறுக்கே வந்து நின்றார்.

"உயிரோட இருக்கறவன் படத்தச் செவுத்துல மாட்டுனா ஆயுசுக்கு ஆவாதுடா."

"அப்ப இங்கிலீசு ராஜா படத்தத் தாலுக்கா கச்சேரியில மாட்டியிருக்காங்களே, அவரு ஆயுசு கொறஞ்சா போச்சு?"

"அவரு ராஜா. நீ எம்புள்ள."

வெகுநேரம் வாதாடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தீர்கள். "மாட்டறதுன்னா செவுத்தோட ஒட்டி நேரா மாட்டு. சாய்ச்சுடாத. மாலைக்கு எடம் உட்ட மாதிரி இருக்கும்" என்றார் அத்தை. நம் கூடத்தில் சாமிகளும் செத்தவர்களும் மட்டுமே சாய்ந்து நிற்பவர்கள். கீழே இரண்டு ஆணிகளின் மேல் சட்டம் உட்கார்ந்திருக்கும். மேலே ஒற்றை ஆணியிலிருந்து கயிறு நீண்டு வந்து தலையை முன்னால் குனிய வைக்கும். பாயில் உட்கார்ந்திருப்பவருக்கு முகம் தெரியும். மாலையும் கண்ணாடியில் உரசாமல் தொங்கும். காலமான மாமா அப்படித்தான் தொங்குகிறார்.

நீங்கள் கயிற்றைக் குட்டையாக இழுத்துக் கட்டி, ஆணியே வெளியில் தெரியாதபடி, சமையற்கட்டு நிலைப்படிக்குப் பக்கத்தில் என் கண் உயரத்துக்கு மாட்டினீர்கள்.

"நிக்கறவங்க ஒசரத்துக்கு மாட்டுனா யாரு பாக்கறது? நம்ம வூட்ல எல்லாரும் உக்காந்துதான் இருக்கறோம். நின்னுக்கிட்டே கெடக்கறது உம்பொண்டாட்டி ஒருத்திதான்" என்றார் அத்தை.

"அவளுக்குத்தான் மாட்டறேன்" என்றீர்கள். அத்தை முன்னால் அப்படிச் சொல்லலாமா? நான் அடுப்பை ஊதுகிற சாக்கில் உள்ளே ஓடிவிட்டேன். அப்போது பாப்பா என் வயிற்றில் இருந்தாள்.

பிறகு நீங்கள் போன சிங்கப்பூர் ஜப்பான்காரர்கள் கையில் விழுந்தது. காணவில்லை என்று சர்க்கார் ஒரு வரி எழுதியது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சண்டை ஓய்ந்து, போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். நான் சட்டியை இறக்கப் போகும்போதும் சாதம் எடுத்து வரும்போதும் உங்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.

நேற்று பாப்பாவுக்கு அம்மை குத்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் வெள்ளையடிக்கிறவர் படங்களையெல்லாம் மறுபடி மாட்டிவிட்டுப் போயிருந்தார். உங்கள் தலை குனிந்திருந்தது. கீழே புதிதாக இரண்டு ஆணிகள். நீங்கள் போட்ட முடிச்சு அறுபட்டுத் தரையில் கிடந்தது.

"யார் அத்தை இப்படி மாட்டச் சொன்னது?"

"செவுரு ஈரமா இருக்குது கண்ணு. ஒட்டி மாட்டுனா போட்டோ பூத்துப் போயிரும்."

சரியான பதில்தான். ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. போன வாரம் தபால்காரரிடம் வாசலில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததும், நான் வந்ததும் பேச்சு நின்றதும் நினைவுக்கு வந்தன. என்னிடம் எதையோ மறைக்கிறார்கள். கண்ணாடியில் சந்தனம் துடைத்த தடம் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்தேன். தந்தி ஏதும் ஒளித்து வைத்திருக்கிறாரோ என்று அரிசிப் பானைக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தேன். நான் படித்த காலேஜ் படிப்பு இதற்கெல்லாம் உதவவில்லை.

இன்று பகலில் கம்பைநல்லூர்ச் சித்தி, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்து இறங்கினார். முகமெல்லாம் கரி. செருப்பை விட்டுக் கூடத்தில் கால் வைத்தவர் உங்கள் படத்தைப் பார்த்தார். கையிலிருந்த அவரைக்காய்ப் பை கீழே விழுந்தது.

"அய்யோ அக்கா! எனக்கு ஒரு வார்த்த சொல்லி உடலயே! எப்ப சேதி வந்துச்சு?"

மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். நான் சந்தேகப்பட்டதை ஒருவர் வாய்விட்டு அழுதுவிட்டார்.

"வாய மூடுடி!" என்று அத்தை போட்ட சத்தத்தில் பாப்பா விழித்துக்கொண்டாள். "ஒரு சேதியும் வரல. நாந்தான் சாய்க்கச் சொன்னேன்."

"உசுரோட இருக்கறவன யாராச்சும் சாய்ப்பாங்களாக்கா? சாய்க்கக் கூடாதுன்னு நீ போட்ட சட்டந்தான அது?"

"சட்டம் போட்டப்ப என்னால நிக்க முடிஞ்சுது. இப்ப முட்டி ரெண்டும் போச்சு. உக்காந்து பாத்தா கண்ணாடியில வாசப்படி வெளிச்சந்தான் தெரியுது, எம்புள்ள மூஞ்சி தெரியல. இத்தன வருசமா இவ மட்டுந்தான் பாக்கறா."

சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டே அவரைக்காயைப் பொறுக்கினார். நான் கேட்டேன், "அப்புறம் ஏன் அத்தை ஈரம்னு சொன்னீங்க? தபால்காரர்கிட்ட என்ன பேசினீங்க?"

"உன்கிட்டப் போயி எம்புள்ளயக் கொஞ்சம் குடுன்னு கேக்கச் சொல்றியா? தபால்காரன தெனம் நீ ஒருத்திதான் கேப்பியா? நானுந்தான் கேக்கறேன்."

நம்பினேன். மாலை விளக்கேற்றும்போது மறுபடி சந்தேகம் வந்தது. ஆணியைப் பிடுங்கிவிடலாம் என்று அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த சுத்தியலை எடுத்தேன். பாப்பா அத்தை மடியில் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயா, அப்பா என்னக் குனிஞ்சு பாக்கறாரு."

அவள் இதுவரை உங்கள் முகத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளும் தரையில் இருப்பவள்தானே. சுத்தியலை வைத்துவிட்டேன்.

இப்போது நின்றபடி பார்த்தால் எனக்குக் கண்ணாடியில் தரைதான் தெரிகிறது. அதனால் நானும் பாயில் போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

அறுந்த கயிற்றில் நீங்கள் போட்ட முடிச்சை என் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். படத்தில் மாலைக்கு இடம் இருக்கிறது, மாலை இல்லை. இனித் தினம் காலையில் எழுந்ததும் மாலை ஏறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். யாரையும் முழுக்க நம்புவதாக இல்லை, அத்தையையும்தான்.

நேராக்குவதா, இப்படியே விடுவதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.