பச்சைக் கட்டம்

நாள் 203, 09:10
நிலா நிலையம், தென்முனை. பணியாளர்: நிலவியலாளர் செண்பகவல்லி, ஒருவர். பூனை: கடுகு, வயது நான்கு. காற்று, மின்சாரம் சரி. கடுகு ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். கரண்டியை நீட்டினால் பாதியில் நிறுத்திவிட்டு முறைக்கிறது. மூன்றாம் முறை என் கையிலேயே போய்விட்டது.

நாள் 205, 11:40
ஒருவழியாக அரைக் கரண்டி கிடைத்தது. சிறுநீர் சோதனை ஸ்ட்ரிப்பில் புரதக் கட்டம் மஞ்சளாக இருக்க வேண்டும், கரும்பச்சையாகிவிட்டது. சிறுநீரகக் கோளாறு. முடிவைப் பூமிக்கு அனுப்பினேன். மருத்துவப் பிரிவு எபனேசரின் பதில்: "மேடம், பூனைக்கு வயசாயிருக்கும். உங்களுக்கு வச்சிருக்கற ஸ்ட்ரிப்ப அதுக்குப் போட்டு வீணாக்காதீங்க." வயது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டாரா? எரிச்சலாக வருகிறது.

நாள் 211, 10:05
மீண்டும் அனுப்பினேன். "பூனை பணியாளர் பட்டியல்ல இல்ல மேடம். ஃபைல மூடிட்டோம்." நாசமாய்ப் போக! கடுகு இப்போது கிண்ணத்தைத் தொடுவதே இல்லை. செடி அறையில் குளிர்குழாய்மேல் வியர்க்கும் ஈரத்தை நக்கிக்கொண்டு கிடக்கிறது. கிண்ணத்தருகே தூக்கி வந்தால் பிறாண்டுகிறது.

நாள் 219, 16:30
கடுகின் கட்டம் மஞ்சள்! நம்ப முடியவில்லை. ஸ்ட்ரிப் கெட்டுவிட்டதோ என்று என் சிறுநீரைச் சோதித்தேன். கரும்பச்சை. இன்னொன்று எடுத்தேன். அதுவும்.

நாள் 220, 08:15
தண்ணீர்த் தொட்டிக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். உள்பூச்சு உரிந்து கரைந்திருக்கிறது. தண்ணீரில் கலந்த நஞ்சு காய்ச்சினாலும் வடிகட்டினாலும் போகவில்லை. பதினைந்து நாளுக்கு முன்பே பூனை சொல்லிவிட்டது. கப்பல் வர இன்னும் முப்பத்தெட்டு நாள். எபனேசர்: "அந்தக் குளிர்குழாய்த் தண்ணிய நீங்க குடிங்க மேடம். பூனைய விட்ருங்க, ப்ளீஸ்." குழாய் நாளுக்கு ஒரு டம்ளர் சொட்டுகிறது. எனக்குப் போதாது, அதற்குப் போதும். தவிர, அந்தக் குழாயைக் கண்டுபிடித்தது அதுதான். நான் தொட்டித் தண்ணீரையே குடிக்கிறேன்.

நாள் 241, 12:20
கால் வீங்கி பூட்ஸ் ஏறவில்லை. திரையில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. குழாயடியில் தட்டு வைத்துவிட்டேன். எபனேசர் தினமும் மன்னிப்புக் கேட்கிறார். கேட்டு?

நாள் 249, நேரம் பார்க்கவில்லை
இன்னும் ஒன்பது நாள். கடுகுக்கு இன்றும் மஞ்சள். அது கடைசி ஸ்ட்ரிப். எனக்கு வேண்டாம். உணவுப் பொட்டலம் எல்லாவற்றையும் அதற்கு எட்டும்படி கிழித்து வைத்தாயிற்று. கதவைத் திறப்பவர்களுக்கு: தொட்டித் தண்ணீரை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள். கடுகு குளிர்குழாயடியில் இருக்கும். எபனேசரிடம் சொல்லுங்கள், அதற்கு வயது நான்குதான்.