வெறுங்காலோடு போன நேர்காணல்

அக்கா,

இன்று காலை என் அறைக் கதவு திறந்ததும் அந்தச் சென்ட் வாசனைதான் முதலில் உள்ளே வந்தது. ஆளைப் பார்க்கும் முன்பே யாரென்று தெரிந்துவிட்டது. பிரிஞ்சாங் டவுனில் நான் மேனேஜராக இருக்கும் துணிக்கடைக்கு வேலை கேட்டு வந்திருந்தவர், அன்று உன்னை வேண்டாம் என்று அனுப்பிய அதே மனிதர்.

தேயிலைக் காட்டை விட்டு வெளியேற உனக்கு இருந்த ஒரே வழி, அவர் மேனேஜராக இருந்த அந்தச் சூப்பர்மார்க்கெட் வேலை. அதற்காகவே புதுச் சப்பாத்து வாங்கினாய். வாங்கியதை அவர் அறைக்கு வெளியே கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனாய். எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியின் ஆபீசுக்குள் நம் ஆட்கள் யார்தான் செருப்போடு போயிருக்கிறார்கள்? கதவு பாதி திறந்திருந்தது; உள்ளிருந்து அவருடைய சென்ட் வாசனை வந்தது. நான் வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"என்னம்மா, கோயிலுக்கா வந்திருக்க? எஸ்டேட் பழக்கத்த இங்க கொண்டு வராத லா. கஸ்டமர் பாத்தா என்ன நினைப்பாங்க?"

உன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை. "கூப்பிடுறோம், போ" என்றார்.

பஸ்ஸில் நீ சிரித்தாய். "மரியாத தெரிஞ்ச புள்ளன்னு நினைப்பாருன்னு பாத்தேன் லா." அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கியா பார்ம் காய்கறிக் கடையில் மலாயும் சீனமும் பேசி ஆட்களை இழுத்தவள், அதன்பிறகு எந்தக் கடையிலும் வேலை கேட்டுப் போகவில்லை. போன வருடம் நெஞ்சுவலியில் நீ போனபோதுகூட உன் விரல்களில் கொழுந்துக் கறை இருந்தது.

இன்று அவரை உட்கார வைத்தேன். டீ கொடுத்தேன். உன்னிடம் அவர் கேட்காத கேள்விகளையெல்லாம் நிதானமாகக் கேட்டேன். அவர் வேலை பார்த்த அந்தச் சூப்பர்மார்க்கெட்டை மூடிவிட்டார்களாம். மகள் இன்னும் படிக்கிறாளாம். நன்றாகத்தான் பதில் சொன்னார். வேலைக்கும் தகுந்த ஆள்தான். முகத்தில் நம்பிக்கை வரும்வரை பேசவிட்டேன்.

"உங்கள எடுக்க முடியாது சார்."

"ஏம்மா? பாத்த ஒடனே முடிவு பண்ணிட்டீங்களா?"

"இல்ல சார். அது முடிவாகி ரொம்ப வருஷம் ஆச்சு."

அவருக்குப் புரியவில்லை. உன்னை அவருக்கு நினைவே இல்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார். அதைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. கண்ணாடி வழியே அவர் தெருவைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது அக்கா, பொய் சொல்லமாட்டேன்.

நீ இருந்திருந்தால், "பாவம்டி, விட்டுடு" என்றிருப்பாய். நீ அன்றைக்கே விட்டுவிட்டாய். நான் விடமாட்டேன்.