ரிஜெக்ட் ஆன சதுரங்கள்

ஏனுங்க,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால்தான் கணியூரில் உங்கள் அக்கா வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன்.

போர்வைக்கென்று குரோஷா ஊசியில் ஆசை ஆசையாகச் சதுரங்கள் பின்னி வைத்தால், பனியன் கம்பெனி செக்கிங் மாதிரி டேப் வைத்து அளந்து, "இதெல்லாம் ரிஜெக்ட்டு" என்று பாதியைத் தள்ளுவீர்களா? "இது ஊடுங்க, கம்பெனி இல்லீங்க" என்று நான் சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா? உடனே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

நீங்கள் தள்ளியதையும் சேர்த்துத்தான் கோத்திருக்கிறேன். கோணலை இழுத்துப் பிடித்தால் நேராகிவிடுகிறது.

இப்போது ஒருவர் போர்த்தும் அளவு வந்துவிட்டது. இதோடு ஓரம் கட்டிவிடவா, இரண்டு பேருக்குப் பின்னவா? அதை மட்டும் சொல்லுங்கள். டேப் இங்கேதான் கிடக்கிறது; அளக்க வேண்டுமானால் வந்துதான் அளக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் செக்கிங்கில் தேறாதவள்