பன்னிரண்டாவது பதில்

பிரிக்பீல்ட்ஸ், 12.8.1999

என் குட்டிக்கு,

உனக்குச் சுங்கை வேயில் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை இண்டர்நெட்டில் உன் முழுப் பெயரைத் தட்டித் தேடினாராம். மனச்சோர்வு உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் பக்கத்தில், லண்டனிலிருந்து நீ எழுதியது வந்து நின்றதாம்.

“எம்பேரும் சேர்ந்து வருது லா. ஒடனே அழிக்கச் சொல்லு,” என்கிறார் அப்பா.

அழிக்காதே.

நேற்று சைபர் கஃபேயில் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். போனில் என்னிடம் “நல்லா இருக்கேம்மா” என்று சொல்லும் நீ, முகம் தெரியாதவர்களிடம் மூன்று மாதமாகத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறாய். பதினோரு பேர் உனக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். அதில் நம் வீட்டு ஆள் ஒருவரும் இல்லை.

நீ பிறந்ததும் ஆறு மாதம் நான் காப்பாரில் அக்கா வீட்டில் கிடந்தது மஞ்சள்காமாலையால் அல்ல. உனக்கு வந்திருப்பதுதான் அன்று எனக்கும் வந்தது. அப்பாவுக்கு அது தெரியும்.

அதையெல்லாம் உன் எழுத்துக்குக் கீழேயே, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி, என் முழுப் பெயரையும் போட்டுவிட்டு வந்தேன். இனி உன் பெயரைத் தேடுகிறவர்களுக்கு நானும் சேர்ந்தே கிடைப்பேன்.

அங்கே பன்னிரண்டாவதாக எழுதியிருக்கும்
உன் அம்மா