திரையில் நடந்தவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

நான் எழுதும் கணினி விளையாட்டில் ஒரு ஆள் நடந்தாலே படம் மினுக் மினுக்கென்று வெட்டியது. பழைய படத்தை அழித்துப் புதிதாக வரைவது கண்ணில் பட்டதுதான் காரணம். இப்போது முழுப் படத்தையும் மறைவில் வரைந்து முடித்து, சட்டென்று திரைக்கு மாற்றுகிறேன். மினுக்கல் போயே போய்விட்டது.

ஆனாலும் மேலாளர், "ஆள் இன்னும் விந்தி விந்தி நடக்கிறாரே, அதையும் சரி பண்ணிடுப்பா" என்றார்.

அது அப்பாவின் நடை, அம்மா. கடைசியாக முகம் பார்க்கத்தான் வர முடியவில்லை, நடையையாவது பார்த்துக்கொண்டிருக்கலாமென்று வரைந்தேன். மேலாளர் சொன்னபடி நேராக்கிக் கொடுத்துவிட்டேன். இப்போது யாரோ நடக்கிறார்.

அப்பாவின் செருப்பை யாருக்கும் கொடுத்துவிடாதே. இடது செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறதென்று பார்த்து எழுது. எனக்கு அந்த நடை மறந்துகொண்டே வருகிறது.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் மகன்