இரண்டு விரல் இடுக்கு

அன்பு குறையாத என் சங்கரண்ணனுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகி, திவசமும் கொடுத்தாயிற்று. மதினி லேக் கார்டன்ஸ் வீட்டில் சௌக்கியம். முழங்கால் வலி இருக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மூக்குக் கண்ணாடியை இன்னும் டி.வி. மேல்தான் வைத்திருக்கிறார்கள். துடைக்கிறபோது அதையும் சேர்த்துத் துடைக்கிறார்கள்.

நீங்கள் வருஷக்கணக்காகத் திட்டித் தீர்த்தீர்களே அந்தப் பள்ளம், அதை மூடிவிட்டார்கள். காளிகாட்டில் மெட்ரோ நிற்கிறது. "இவனுவ தோண்டி முடிக்கதுக்குள்ள நான் போய்ச் சேந்திருவேன்" என்று சொல்வீர்கள். சொன்னதை அப்படியே செய்யும் வழக்கம் உங்களுக்கு வேறு எதில் இருந்ததோ தெரியாது, இதில் இருந்துவிட்டது.

இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பீர்களே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுகூடக் கேட்டீர்களே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. இடுக்கை அடைத்த பிறகு பிள்ளைகள் ஏன் தலையைத் தூக்கினார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். போன வாரம்தான் தெரிந்தது. உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

எழுதி முடித்ததும் மதினிக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். அவர்களுக்கு இந்தக் கதை பாதிதான் தெரியும். அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்கத்தாவில் எழுபது, எழுபத்தொன்றாம் வருஷங்கள் அவை. தெருவில் யாரோ யாரையோ துரத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் பெட்டோ வெடிக்கும். ஆணியும் கண்ணாடித் துண்டும் வைத்துச் சணல் கயிற்றால் இறுக்கிச் சுற்றிய கைக்குண்டுக்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்த பேர் அது. காளிகாட்டில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒரு பழைய வாடகை வீடு. என் ஒன்றாம் வகுப்பு கீழே, தெருவைப் பார்த்த அறை. ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே ஒன்று வெடித்ததில் ஒரு பெண் குழந்தையின் முழங்கையில் கண்ணாடி ஏறிவிட்டது. மறுநாள் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. அதற்கு மறுநாள் மீதியும் காலியாக ஆரம்பித்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் கோமதி டீச்சர் ஜன்னலை அடைத்துவிடலாம் என்றார்கள். வீட்டுக்காரர் செங்கல் வைக்க விடமாட்டேன் என்றுவிட்டார். அவர் விட்டிருந்தாலும், கரண்ட் போகிற ஊரில் பிள்ளைகள் இருட்டில் எப்படி எழுதும்? பின்னறைகளில் மற்ற வகுப்புகள். பெற்றோர்கள் வந்து, நிலைமை சரியானதும் அனுப்புகிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நிலைமை எப்போது சரியாகும் என்று யாருக்குத் தெரியும்? அதுவரை பிள்ளை இல்லாத பள்ளிக்கூடம் எப்படி நிற்கும்?

ஞாயிற்றுக்கிழமை மதினியோடு சாப்பாட்டுக்கு வந்த உங்களிடம் அழாத குறையாகச் சொன்னேன். நீங்கள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் இடத்தின் டிராயிங் ஆபீசில் வேலை பார்க்கிறவரிடம் ஆறுதலை எதிர்பார்த்தது என் தப்புத்தான்.

"ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள்.

"இடது கைப் பக்கம்."

"அப்ப கரும்பலகையத் தூக்கி ஜன்னல் சுவத்துல மாட்டு. பிள்ளைகளைத் தெருவைப் பாத்து உக்கார வை."

"குண்டு வாற பக்கமாவா முகத்தை வைக்கது? என்ன பேசுதீங்க?"

"முகத்துக்கு முன்னால டெஸ்க் இருக்குல்லா? அது சும்மா சிலேட்டு வைக்கதுக்கு மட்டுமா?"

சாப்பிட்ட கையைக் கழுவாமலே யோசித்துக்கொண்டிருந்தீர்கள். மதினி இரண்டு தரம் சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தீர்கள்.

முதலில் செய்து கொண்டுவந்தது சுத்த மோசம். இரண்டு பலகைக்கு நடுவில் இரும்புத் தகடு. குண்டைத் தடுக்கும்தான், ஆனால் அதை நிமிர்த்தி நிறுத்த ஆள் வேண்டும். வகுப்பிலேயே சிறியவள் மீனா. அவளைக் கூப்பிட்டு, "தூக்கு பாப்போம்" என்றீர்கள். அவள் மூச்சைப் பிடித்துத் தம் கட்டினாள், டெஸ்க் அசையவில்லை. உங்களுக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, டெஸ்க் மேல். அதை ஒரு உதை உதைத்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பிள்ளைகள் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் சரியான டெஸ்க். அதே தகடு வைத்த மேல்பலகைதான், ஆனால் முன்விளிம்பில் கீல் போட்டு மாட்டியிருந்தது. அடியில் ஒரு முளை. முளையை இழுத்தால் பலகை தன் பாரத்திலேயே கீழே விழுந்து, முன்விளிம்பிலிருந்து தரை வரைக்கும் தொங்கும். பிள்ளைகள் பெஞ்சிலிருந்து இறங்கி அதன் பின்னால் குந்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். "தூக்கத்தான் பலம் வேணும். விழுகதுக்கு என்னத்துக்குப் பலம்?" என்று பெருமையாகச் சொன்னீர்கள். விரல் நசுங்காமல் இருக்க ஓரத்தில் ரப்பர்க் கட்டை வைத்திருந்தீர்கள். நான் எங்கே போவேன் என்று கேட்டேன். ஜன்னலுக்குக் கீழே செங்கல் சுவர் கனமானது, அதில் முதுகை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்துகொள் என்றீர்கள்.

ஒத்திகை அன்று கதவருகில் கைகட்டி நின்றீர்கள். நான் உரக்க, "படு" என்றேன்.

ஒரு டெஸ்க்கும் விழவில்லை. எல்லாரும் சமர்த்தாகப் பாடப் புத்தகத்தைத் திறந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்கள். நான் இன்னும் பலமாக, "படு, படு" என்று கத்தினேன். அவர்கள் இன்னும் பலமாக வாசித்தார்கள்.

உங்கள் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. கோமதி டீச்சர்தான் முதலில் புரிந்துகொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நம் பிள்ளைகளுக்கு வீட்டுத் தமிழை விடத் தெரு வங்காளம்தான் சரளம். வங்காளத்தில் 'பொடோ' என்றால் படி. டீச்சர் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்தால், டீச்சர் வேறு என்ன சொல்லப் போகிறாள்?

"நல்லவேளை, குண்டு விழும்போது பிள்ளைக பாடமாவது படிச்சிருக்கும்" என்றீர்கள்.

பிறகு சொல் தேடினோம். 'குனி' என்றால் சிலதுகள் முழித்தன. 'ஒளி' என்றால் விளக்கைப் பார்த்தன. கடைசியில் சொல் முற்றத்திலிருந்துதான் வந்தது. இடைவேளையில் பிள்ளைகள் விளையாடும்போது ஒருத்தி கண்ணைப் பொத்திக்கொள்வாள், மற்றதுகள் தூணுக்குப் பின்னால் போய் "டுக்கி" என்று கத்தும். அதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"அர்த்தம் என்ன?" என்றீர்கள். எதற்கும் அளவு கேட்கிற ஆள் அல்லவா நீங்கள்.

"ஒளிஞ்சுக்கோன்னு அர்த்தம்" என்றார்கள் கோமதி டீச்சர். நம் மூன்று பேரில் கல்கத்தாவில் அதிக வருஷம் இருந்தவர்கள் அவர்கள்தான். அதனால் நம்பினோம்.

"டுக்கி" என்றேன். டெஸ்க்குகள் மொத்தமாக ஒரே சத்தத்தில் விழுந்தன. எதிரே பலகைச் சுவர்தான் இருந்தது, ஒரு பிள்ளையைக் காணோம். பெற்றோர்களைக் கூப்பிட்டு அதைக் காட்டினோம். ஒவ்வொருவராகப் பிள்ளைகளைத் திரும்ப அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் அப்படித்தான் பிழைத்தது அண்ணே. அதை யாரும் மேடை போட்டு உங்களுக்குச் சொல்லவில்லை. நான் இப்போது சொல்கிறேன்.

பிறகு நிஜமாகவே ஒரு நாள் வந்தது. கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. தெருவில் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டதும் "டுக்கி" என்று கத்திவிட்டுச் சுவரோடு உட்கார்ந்தேன். பலகைகள் விழுந்தன. வெடித்தது. கண்ணாடி என் தலைக்கு மேலே பறந்தது. புகை அடங்கும்வரை ஒரு பிள்ளை அசையவில்லை, அழவும் இல்லை. பலகைகளில் ஆணிகள் குத்தி நின்றன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

சேதி கேட்டுச் சாயங்காலம் ஆபீசிலிருந்து நேராக வந்தீர்கள். குத்தி நின்ற ஆணிகளை நீங்கள் பார்க்கவேயில்லை. பின்னால் பெஞ்சு மேல் இருந்த மீனாவின் டிபன் டப்பாவில் ஒரு ஓட்டை. அதைத்தான் கையில் எடுத்தீர்கள். பக்கத்துப் பக்கத்து டெஸ்க்குகள் கீல் இடித்ததால் முழுதாகச் சேராமல், நடுவில் இடுக்கு விட்டிருந்தது. அந்த இடுக்கில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தீர்கள்.

"இங்கன ஒரு கண்ணு இருந்திருந்தா?" என்றீர்கள். நான் எவ்வளவோ சொல்லியும் அன்றைக்கு நீங்கள் காபி குடிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கனமான ரப்பர்ப் பட்டை கொண்டுவந்து எல்லா இடுக்கையும் அடைத்து ஸ்க்ரூ போட்டீர்கள். திங்கட்கிழமை ஒத்திகையில் டெஸ்க் விழுந்தது, பிள்ளைகள் குந்தினார்கள், உடனே பலகைக்கு மேலே வரிசையாகத் தலைகள் முளைத்தன. திட்டினேன். கெஞ்சினேன். மிட்டாய் தருவதாகச் சொன்னேன். குனிவார்கள், மறுபடி எட்டிப் பார்ப்பார்கள். அதுவரை சிலை மாதிரி இருந்த பிள்ளைகள்.

"நல்லா இருந்த பிள்ளைகளுக்கு என்ன கேடு வந்துட்டு?" என்று என்மேல் பாய்ந்தீர்கள். என் வகுப்பு என் கையில் இல்லை என்றீர்கள். உங்கள் டெஸ்க்கில்தான் கோளாறு என்றேன். ஒரு மாதம் நாம் பேசிக்கொள்ளவில்லை. நல்லகாலம், அதற்குப் பிறகு எங்கள் ஜன்னலுக்கு வெளியே எதுவும் வெடிக்கவில்லை. ஊரும் மெல்ல அடங்கிவிட்டது. உங்கள் கேள்விதான் அடங்கவில்லை. கோளாறு எங்கே என்று தெரியாமல் ஒரு பொருளை விட்டுவிட்டோமே என்று உங்களுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அது தெரியும்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் புது மேஜைகள் வந்துவிட்டன. பழையதை எடுத்துப்போக வந்த ஆள், ஒரு டெஸ்க்கைத் தூக்க முடியாமல் கீழே வைத்துவிட்டு, "தீதி, இதுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?" என்று வங்காளத்தில் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து, அண்ணன் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஒருத்தி வந்தாள். புடவை கட்டி, கைப்பை மாட்டி, பெரிய மனுஷியாக. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் நேரே டெஸ்க்கிடம் போய், கீழே கைவிட்டு முளையைச் சரியாகத் தொட்டாள். மீனா.

"டீச்சர், எட்டா நம்ம டுக்கி டெஸ்க்தானே?" என்றாள். அவள் தமிழ் அப்போதும் அப்படித்தான், 'இது' என்பது வங்காளத்து 'எட்டா' ஆகிவிடும்.

பக்கத்து டெஸ்க்கோடு சேர்கிற இடத்தில் ரப்பரைத் தடவி, "இதை ஏன் டீச்சர் அடைச்சீங்க? எங்களுக்கு ரொம்ப கோபம்" என்றாள்.

ஏன் கோபம் என்று கேட்டேன்.

"அடைச்சுட்டா எப்படிப் பாக்கறது? டுக்கின்னா ஒளிஞ்சுக்கிட்டு எட்டிப் பாக்கறதுதானே? பாக்கலேன்னா அது டுக்கியே இல்ல. அந்த இடுக்கு வழியா பாத்தா நீங்க தெரிவீங்க. சுவத்துக்கிட்ட உக்காந்திருப்பீங்க. நீங்க எழுந்திருக்கிற வரைக்கும் நாங்களும் எழுந்திருக்கக் கூடாதுன்னு நாங்களே வச்சுக்கிட்டோம். அப்புறம் அடைச்சுட்டீங்களா, நீங்க இருக்கீங்களா, விட்டுட்டுப் போயிட்டீங்களான்னே தெரியல. அதான் மேலே எட்டிப் பாத்தோம்."

குண்டு வெடித்த அன்றும் அவள் அந்த இடுக்கில்தான் கண்ணை வைத்திருந்தாளாம். நான் பயத்தில் தலையைக் குனிந்தேனாம். அதைப் பார்த்து அவளும் குனிந்தாளாம். ஆணி அவள் தலைக்கு மேலே போய் டப்பாவில் ஏறியிருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான்தான் அந்தப் பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் அன்றைக்குச் சொன்ன கண் அங்கேயே இருந்திருக்கிறது அண்ணே. நீங்கள் பயந்தது வீண் பயம் இல்லை. பிள்ளைகள் தலையைத் தூக்கியதும் அடங்காத்தனம் இல்லை. அவர்களைக் கூப்பிட்டு ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அர்த்தத்தைக் கோமதி டீச்சரிடம் கேட்டோம், விளையாடுகிறவர்களிடம் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "ஏட்டி, இதைச் சொல்லக் கூடாதா? ஒரு கண்ணாடி வச்சிருப்பேனே" என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். கப்பலின் பக்கவாட்டில் வட்டமாக இருக்குமே, அலை அடித்தாலும் உடையாத கனத்த கண்ணாடி, ஆயுசு முழுக்க அதைத்தானே வரைந்தீர்கள். இத்தனை வருஷம் உங்களைத் தின்ற கேள்விக்குப் பதில் உங்கள் ஆபீஸ் மேஜை மேலேயே கிடந்திருக்கிறது. இதை நீங்கள் இருக்கும்போது மீனா வந்து சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு அதுதான் ஆறவில்லை.

பழைய சாமான்காரனிடம் மற்ற டெஸ்க்குகளையெல்லாம் எடுத்துப்போகச் சொல்லிவிட்டேன். இரண்டை மட்டும் நிறுத்திக்கொண்டேன். ஞாபகத்துக்கு ஒன்று போதாதா என்று இப்போதைய ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டாள். ஒன்று மட்டும் இருந்தால் இடுக்கு எப்படி வரும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

இரண்டும் என் வகுப்பின் பின்பக்கம் சேர்ந்து நிற்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ரப்பரை நானே கழற்றப் போகிறேன். கிதிர்ப்பூரில் உடைத்த கப்பல்களின் சாமான் விற்கிற கடைகளில் தேடி, கனத்த கண்ணாடி ஒரு துண்டு வாங்கி அந்த இடுக்கில் பொருத்தி வைப்பேன். மீனாவின் அண்ணன் மகளை அதன் பின்னால் குந்த வைத்துவிட்டு, நான் ஜன்னலுக்குக் கீழே போய் உட்கார்ந்து "டுக்கி" சொல்வேன். நான் தெரிகிறேனா என்று அவளையே கேட்டு, உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு மாதம் உங்களோடு பேசாமல் இருந்து, பிறகு தானாகவே காபி போட்டுக் கொண்டுவந்த
உங்கள் தங்கை,
சரோஜா